கும்பிட்டால் குழாயில் தண்ணீர் வருமா?

நம் மக்களிடத்தில் ஒரு விசித்திரமான குணம் இருந்து வருகின்றது. அதாவது, தங்களுக்கு நியாயமாய்ச் சேரவேண்டியது கிடைத்துவிட்டால் அதைக் "கடவுள் புண்ணியம்" என்பதும், கிடைக்காமல் போனால் "தலைவிதி" என்பதும், இரண்டுக்கும் நடுவில் இருந்து தின்றவனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பதுமேயாகும். இந்தக் குணம் கோயில் வாசலோடு நின்றிருந்தால், பணத்திற்கும் அறிவிற்கும் கேடு என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஆனால் அது இன்று தெருக்குழாய்க்கும், சாக்கடைக்கும், விளக்குக் கம்பத்திற்கும், தாலுகா ஆபீசுக்கும், முனிசிபல் ஆபீசுக்கும் வந்து குடியேறிவிட்டது. கும்பிட்டுப் பழகின கைகள் எங்கே போனாலும் கும்பிடத்தான் செய்கின்றன. ஆகவே இதைப்பற்றிச் சிறிது விவரமாக எழுத வேண்டியது நமது கடமையாகிவிட்டது.

எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கும் தெரியாது, ஊராருக்கும் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் வரலாம் என்று பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்காமல் காத்துக் கிடக்கின்றார்கள். குழாய் போடுவதற்கென்று தோண்டின ரோடு, மூடுவாரில்லாமல் மழைக்குக் குளமாகி, இரவில் சைக்கிளில் வருகிறவன் பல்லை உடைக்கின்றது. சாக்கடை, வெட்டின நாள் முதல் எங்கே போய்ச் சேருவது என்று தெரியாமல் ஒரு வீட்டு வாசலில் நின்று யோசனை செய்துகொண்டிருக்கின்றது. விளக்குக் கம்பம் பகலில் எரிகின்றது, இரவில் ஓய்வெடுக்கின்றது. பிள்ளை பிறந்ததற்குச் சர்டிபிகேட் வாங்கப் போனவன், பிள்ளை பெற்றவள் பட்ட பாட்டைவிட அதிகம் பட்டுத் திரும்புகின்றான்.

இவ்வளவும் அனுபவிக்கிற அதே தெருவிற்குக் கவுன்சிலரோ, எம்.எல்.ஏ.வோ ஒரு நாள் வருகின்றார் என்றால் என்ன நடக்கின்றது? பட்டாசு வெடிக்கின்றது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்கின்றார்கள். சாக்கடையைத் தாண்டுவதற்குப் பலகை போட்டு, அவர் செருப்பு நனையாமல் அழைத்துவந்து, மாலையும் சால்வையும் போட்டு, "ஐயா பார்த்து ஏதாவது செய்யவேண்டும்" என்று தலையைச் சொரிகின்றார்கள். அவரும் ஒரு புன்சிரிப்புச் சிரித்து, "பார்க்கலாம்" என்று வரம் கொடுத்துவிட்டுப் போகின்றார். அவர் போன பிறகு பலகையை எடுத்துவிடுகின்றார்கள். சாக்கடை இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

நாம் கேட்கின்றோம்: வேலைக்காரனை நியமித்து, அவனுக்குச் சம்பளமும் கொடுத்து, அவன் வேலை செய்யாமல் இருப்பதற்கு ஆரத்தியும் எடுக்கிற எஜமானன் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா?

ஆபீசும் கோயிலும்

இதில் ஆச்சரியப்படத்தக்கது ஒன்றும் இல்லை. கோயிலில் கற்றுக்கொண்ட பாடத்தையே நம் மக்கள் ஆபீசில் ஒப்பிக்கின்றார்கள். கோயிலில் சாமி பேசாது. ஆபீசில் அதிகாரி பேசமாட்டார். கோயிலில் பூசாரி மூலமாகத்தான் போகவேண்டும். ஆபீசில் வாசலில் நிற்கும் தரகர் மூலமாகத்தான் போகவேண்டும். அங்கே தட்டில் போடவேண்டும். இங்கே கவருக்குள் வைக்கவேண்டும். பணம் உள்ளவனுக்கு அங்கே சிறப்பு தரிசனம், இங்கே பின்வாசல் வழி. இல்லாதவனுக்கு இரண்டு இடத்திலும் வெயிலில் வரிசை. கேட்டது கிடைக்காவிட்டால் அங்கே "பக்தி போதாது" என்கின்றார்கள். இங்கே "பேப்பர் போதாது" என்கின்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று சொன்ன நம் முன்னோர்கள், பூசாரியை ஏன் வைத்திருக்கவேண்டும் என்று மட்டும் கேட்காமல் போய்விட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தைரியமில்லாததன் பலனைத்தான் இன்று குழாயடியில் அனுபவிக்கின்றோம்.

இதற்கு ஆதாரமான எண்ணம் ஒன்றுதான். தண்ணீரும் விளக்கும் ரோடும் யாரோ ஒரு பெரிய மனுஷன் மனமிரங்கிக் கொடுக்கிற தருமம் என்பதே அந்த எண்ணம். இது சுத்தப் பொய்யாகும். 1992ஆம் வருஷத்தில் இந்திய அரசியல் சட்டத்தில் 73, 74ஆவது திருத்தங்கள் நிறைவேறி, 1993இல் அமலுக்கு வந்தன. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க வேலைகள் என்று 29ம், நகரங்களுக்கு என்று 18ம் அதில் ஜாபிதா போட்டுக் கொடுத்திருக்கின்றார்கள். குடிதண்ணீர், ரோடு, சுகாதாரம், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, சுடுகாடு முதலியவை எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே கவுன்சிலர் குழாய் போட்டால் அது தர்மமல்ல, அவர் வாங்கின வேலை. அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் கால் தூசியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

பணமாவது அவர்களுடையதா? அதுவும் இல்லை. நகரத் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முடிவதற்குள், ஏப்ரல் மாதத்தில், சொத்து வரி நூற்றுக்கு 25 முதல் 150 வரையில் உயர்த்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வரி போடும்போது எந்த அதிகாரியாவது சாமிக்குப் பூ வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டாரா? "உங்கள் தலைவிதி எப்படியோ, வருகிறபடி வரட்டும்" என்று வரி நோட்டீசை விட்டுவிட்டாரா? வரிக்குக் கணக்கு உண்டு, தேதி உண்டு, தவறினால் தண்டனை உண்டு. தண்ணீருக்கு மட்டும் கணக்கும் இல்லை, தேதியும் இல்லை, தவறினவனுக்குத் தண்டனையும் இல்லை. இந்த வித்தியாசத்தை ஒருவன் உணர்ந்துவிட்டானானால் அவன் பாதி சுயமரியாதைக்காரன் ஆகிவிட்டான் என்றே சொல்லுவோம்.

தேர்தல் என்னும் திருவிழா

இனி, இவர்களைத் தேர்ந்தெடுக்கிற லட்சணத்தைப் பார்ப்போம். 1688இலேயே முனிசிபல் கார்ப்பரேஷன் ஏற்பட்ட பட்டணம் என்று சென்னையைப் பெருமையாகச் சொல்லுகின்றோம். அந்தச் சென்னை உட்பட இந்நாட்டு நகரங்கள் எல்லாம் 2016 அக்டோபர் முதல் 2022 வரையில் ஐந்து வருஷத்திற்கு மேலாகக் கவுன்சிலரே இல்லாமல் தனி அதிகாரிகள் கையில் இருந்தன. 2016இல் வெளியிட்ட தேர்தல் அறிவிப்பு செல்லாது என்று ஐகோர்ட்டு தள்ளிவிட்டது. அதைத் திருத்தி மறுபடியும் தேர்தல் வைக்கச் சர்க்காருக்கு வருஷக்கணக்கில் நேரம் கிடைக்கவில்லை. கிராமங்களுக்கு 2019 டிசம்பரில், அதுவும் 27 ஜில்லாக்களுக்கு மாத்திரம், நடந்தது. பாக்கி 9 ஜில்லாக்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2019இல் ஜெயித்தவர்கள் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும், தேர்தல் நடத்தாமல் மறுபடியும் தனி அதிகாரிகளிடமே ஒப்படைத்தார்கள். இடையில் ஆட்சிக் கட்சி மாறிற்று. ஆனால் இந்தப் பழக்கம் மாறவில்லை. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடந்தாகவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. சட்டசபைத் தேர்தலை இப்படி ஒரு நாள் தள்ளிவைத்திருந்தால் இவர்கள் சும்மா இருந்திருப்பார்களா?

கோயில் திருவிழா ஒரு வருஷம் நின்றுபோனால் ஊர் முழுவதும் கூடி, "சாமி குத்தமாகிவிடும்" என்று கலெக்டர் ஆபீசுக்கு நடக்கின்ற நம் மக்கள், தங்கள் ஊர்த் தேர்தல் ஐந்து வருஷம் நின்றுபோனதற்கு எத்தனை பேர் நடந்தார்கள்? தேர் ஓடாவிட்டால் நஷ்டம் என்ன என்று நமக்குத் தெரியவில்லை. தேர்தல் ஓடாவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகும் என்பது அனுபவத்தில் தெரிந்துவிட்டது.

தேர்தல் வந்தாலோ, அதன் யோக்கியதையைச் சொல்லவேண்டியதில்லை. பெரிய தேர்தல்களிலேயே, 2017 ஏப்ரலில் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலையும், 2019 ஏப்ரலில் வேலூர் பார்லிமெண்டுத் தேர்தலையும், பணம் புழங்கினதைக் காரணமாகக் காட்டித் தேர்தல் கமிஷனே ரத்து செய்ய வேண்டிவந்தது. ஒரு வோட்டுக்கு 500 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் என்பது 1,826 நாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு 27 காசு ஆகின்றது. குழாயில் தண்ணீர் வராததால் இரண்டு நாளைக்கு ஒரு கேன் தண்ணீர் 35 ரூபாய் கொடுத்து வாங்குகிற குடும்பத்திற்கு மாதம் 525 ரூபாய் செலவு. ஆகவே வோட்டுக்கு வாங்கின பணம் ஒரு மாதத்துத் தண்ணீருக்கே போதவில்லை. பாக்கி 59 மாதத்திற்கு யாரைக் கேட்பது? கேட்கப் போனால், "உனக்குத்தான் அன்றைக்கே கொடுத்தாகிவிட்டதே" என்று மனத்திற்குள் சிரிக்கமாட்டானா? 27 காசுக்கு விற்றது வோட்டையல்ல தோழர்களே, கேட்கும் வாயை விற்றுவிட்டோம்.

மழைக்கு யாகம், தண்ணீருக்கு ரயில்

வாயை விற்றவன் பிறகு வானத்தைத்தான் பார்க்கவேண்டும். ஆட்சியில் இருப்பவர்களுக்கும் அதுதான் சௌகரியமாக இருக்கின்றது. 2019ஆம் வருஷம் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டுபோயின. அப்போது சர்க்காரின் அறநிலையத் துறை கோயில்களுக்கு மழை வேண்டி யாகமும் வருண ஜபமும் நடத்தும்படி சுற்றறிக்கை அனுப்பிற்று. ஜூன் மாதத்தில் ஆளும் கட்சி மந்திரிகளே கோயில் கோயிலாக உட்கார்ந்து யாகம் செய்தார்கள். கட்சியின் பெயரிலோ அண்ணா. மேடையிலோ பெரியார் படம். நடுவிலோ ஹோம குண்டம்! பிறகு சென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். மந்திரம் ஒரு குடத்தை நிரப்பவில்லை, இஞ்சின் நிரப்பிற்று.

அதற்கு இரண்டு வருஷத்திற்கு முன், 2017இல், வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுப்பதற்கென்று ஒரு மந்திரி அதன்மேல் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அடித்தது, அட்டைகள் கரைக்கு வந்து ஒதுங்கின. இதைப் பார்த்து ஊரே சிரித்தது. நாம் அதற்குச் சிரித்ததைவிட யாகத்திற்கு அதிகமாகச் சிரித்திருக்கவேண்டும். ஏனெனில், தெர்மோகோலாவது பலிக்கவில்லை என்று ஒரே மணி நேரத்தில் தெரிந்துபோயிற்று. யாகம் ஆயிரக்கணக்கான வருஷமாய்ப் பலிக்காமல் இருந்தும், இன்னும் நம் மக்களுக்குத் தெரியவில்லையே!

மற்ற நாட்டார் மட்டும் பிறக்கும்போதே புத்திசாலிகளாய்ப் பிறந்தார்களா? இல்லை. லண்டன் பட்டணத்திலும் காலரா வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அங்கும் பாவத்தின் சம்பளம் என்று சொன்ன பாதிரிகள் உண்டு. 1854இல் ஜான் ஸ்நோ என்ற டாக்டர், செத்தவர்கள் எந்தெந்த வீட்டார், எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று வீடு வீடாய்க் கணக்கெடுத்து, பிராட் தெருவிலிருந்த ஒரு கைப்பம்பே காரணம் என்று காட்டி, அதன் பிடியைக் கழற்றச் செய்தார். அப்படியும் சர்க்கார் அசையவில்லை. 1858ஆம் வருஷக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் சாக்கடை நாற்றம் கரையிலிருந்த பார்லிமெண்டுக்குள்ளேயே புகுந்தது. மெம்பர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். உடனே சில வாரங்களுக்குள் சட்டம் நிறைவேறிப் பெரிய பாதாளச் சாக்கடை கட்டப்பட்டது. நாற்றம் ஏழையின் மூக்கில் இருக்கிற வரையில் அது விதி. ஆளுகிறவன் மூக்கிற்கு ஏறினால் அது அவசர மசோதா. நம் ஊரிலும் கவுன்சிலர் வீட்டுத் தெருச் சாக்கடை ஏன் சுத்தமாயிருக்கின்றது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

நம் ஊரில் வாந்திபேதியோ, டைபாய்டோ, மஞ்சள் காமாலையோ வந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகின்றார்கள். அம்மனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் ஓடினால் உள்ளேயிருக்கும் அழுத்தம் வெளி அழுக்கை உள்ளே விடாது. ஒரு மணி நேரம் விட்டு மற்ற நேரம் நிறுத்தினால், அழுத்தம் போய், வெடிப்பு விட்ட இடங்களின் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே கசிந்துவிடுகின்றது. மறுநாள் வருகிற முதல் குடம் தண்ணீரோடு அதையும் சேர்த்துத்தான் குடிக்கின்றோம். இதன்மேல் வசதியுள்ளவர் வீட்டில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகின்றார்கள்; அப்போது சாக்கடையும் இன்னும் வேகமாய் உள்ளே இழுக்கப்படுகின்றது, தெருக்கோடி வீட்டிற்குச் சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் போகின்றது. தண்ணீர் எப்போது வருமோ என்று டிரம்மிலும் தொட்டியிலும் மூடாமல் பிடித்து வைத்தால், அந்த நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகின்றது. ஆகவே வியாதி வந்தது அம்மன் கோபத்தினால் அல்ல, ஒழுகும் குழாயினால்.

கடைசிக் குழாய்

இது நிற்க. தெருக்கோடி என்றோம். நம் நாட்டில் தெருக்கோடி என்றால் அது தூரத்தை மாத்திரம் குறிப்பதல்ல, ஜாதியையும் குறிப்பதாகும். குழாய் ஊரில் ஆரம்பிக்கின்றது, சேரியில் முடிகின்றது. தண்ணீர் குறைந்தால் முதலில் நிற்பது அங்கே. சாக்கடை மாத்திரம் அங்கே நிற்காமல் போய்ச் சேருகின்றது.

பொதுக் கிணறும் பொது ரோடும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபை 1924இலேயே ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் பம்பாய் மாகாணத்தில் மகாத் முனிசிபாலிடியும் தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாய்த் தீர்மானம் போட்டது. தீர்மானம் தீர்மானமாகவே இருந்தது. 1927 மார்ச் 20ந் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். உடனே மேல்ஜாதியார் குளம் தீட்டாகிவிட்டதென்று சாணியும் மாட்டு மூத்திரமும் கலந்து அதைச் "சுத்தம்" செய்தார்கள். மனிதன் தொட்டால் அசுத்தமாகிச் சாணி போட்டால் சுத்தமாகிற தண்ணீர் நம் புண்ணிய பூமியில் அல்லாமல் வேறெங்கே இருக்க முடியும்? முனிசிபாலிடியும் அந்த வருஷமே தன் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது.

மனமிருந்தால் ஸ்தல ஸ்தாபனம் என்ன செய்யலாம் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. அக்காலத்தில் பஸ்ஸில் ஆதிதிராவிடர்களை ஏற்றமாட்டார்கள். நமது இயக்கத் தலைவர்களில் ஒருவரும், 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை வகித்தவருமான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஜாதி பார்த்து ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்சு ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். பஸ் முதலாளிகளின் சாஸ்திரம் எல்லாம் அன்றோடு பறந்துபோயிற்று. யாகம் செய்யவில்லை, உபதேசம் செய்யவில்லை. லைசென்சில் கை வைத்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பின் இவ்வளவு காலம் ஆகியும் நாம் எங்கே நிற்கின்றோம்? மேலவளவு பஞ்சாயத்துத் தலைவரான ஆதிதிராவிடர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தினால் மதுரை ஜில்லா பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகளில் 1996 முதல் 2006 வரை முறையான தலைவர் இருக்க முடியவில்லை. 2020இல் கடலூர் ஜில்லா தெற்குத் திட்டையில் பஞ்சாயத்துத் தலைவியைத் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், ஆதிதிராவிடர்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இந்த நாட்டில் தண்ணீர் கெடுவது குழாய் ஒழுகுவதால் மாத்திரமல்ல, மனம் அழுகியிருப்பதாலும்தான் என்பதை இதற்குமேல் எப்படிச் சொல்லுவது?

பெண்கள் விஷயமும் இப்படியே. குடம் தூக்குகிறவள் பெண். குழாயைப் பற்றித் தீர்மானம் போடுகிறவன் ஆண். ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி ஸ்தானம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. ஆனால் பல ஊர்களில் மனைவி கையெழுத்துப் போடவும், புருஷன் நாற்காலியில் உட்காரவும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். குடத்தின் பாரம் தெரிந்தவள் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாலொழியக் குழாய்க்கு விமோசனம் இல்லை.

சாக்கடைக்குள் ஒரு மனிதன்

எல்லாவற்றிலும் கொடுமை ஒன்று இருக்கின்றது. சாக்கடை அடைத்துக்கொண்டால் அதில் மனிதனை இறக்குகின்றோம். காற்றோட்டமில்லாத தொட்டியில் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. முதல் வாயுவின் அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். இரண்டு மூச்சில் மனிதன் விழுந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான். இந்த வேலைக்கு மனிதனை வைக்கக்கூடாது என்று 1993இல் ஒரு சட்டமும், 2013இல் அதைவிடக் கடுமையான ஒரு சட்டமும் வந்துவிட்டன. செத்தவன் குடும்பத்திற்கு 10 லட்ச ரூபாய் கொடுக்கவேண்டும் என்று 2014இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அதையே 2023இல் 30 லட்சமாக்கிற்று. சாவுக்கு விலை ஏறிற்றே தவிர, சாவு நிற்கவில்லை. மனிதன் இறங்காமலே தொட்டியைச் சுத்தம் செய்கிற யந்திரத்தைத் திருவனந்தபுரத்தில் 2018இலேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். யந்திரம் இல்லாமலா மனிதனை இறக்குகின்றோம்? இல்லை, இறங்குவதற்கென்றே ஒரு ஜாதியைப் பிறப்பித்து வைத்திருக்கின்றோம் என்கிற தைரியத்தில் இறக்குகின்றோம். துப்புரவுத் தொழிலாளி என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். முன்பு காந்தியார் ஹரிஜன் என்று பெயர் மாற்றினதைப் போன்றதுதான் இதுவும். பெயரை எத்தனை தரம் கழுவினாலும் தொட்டிக்குள் இறங்குகிறவன் அவனேதானே?

இதில் முனிசிபாலிடி மாத்திரம் குற்றவாளியல்ல. தன் வீட்டுத் தொட்டிக்கு நூறு, இருநூறு மிச்சம் பிடிக்க ஆளைக் கூப்பிட்டு இறக்குகிற வீட்டுக்காரனும் குற்றவாளியே. பகுத்தறிவு பேசுகிறவர்கள் வீடுகளிலும் இது நடக்குமானால், அந்தப் பகுத்தறிவைக் கொண்டுபோய் அதே தொட்டியில் போடலாம்.

என்ன செய்யவேண்டும்?

"பார்ப்பன ஆதிக்கம் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம் தோழர்கள் சிலர் நினைத்தார்கள். இன்று முனிசிபாலிடிகளிலும் பஞ்சாயத்துகளிலும் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மவர்களே. காண்டிராக்டு எடுப்பவரும் நம்மவர். கமிஷன் வாங்குபவரும் நம்மவர். சேரிக் குழாயை மறந்தவரும் நம்மவர். பூசாரி மாறினானே ஒழியப் பூசை மாறவில்லை. ஆள் மாறுவது மாத்திரம் சுயமரியாதை ஆகாது. கும்பிடுகிறவன் இருக்கிற வரையில், எவன் உட்கார்ந்தாலும் சாமியாகத்தான் உட்காருவான்.

ஆகவே தோழர்களே, நாம் சொல்லுவது மிகவும் சாதாரண விஷயங்களே. முதலாவது, ஆபீசில் கைகட்டி நிற்பதை விடுங்கள். வாயால் கெஞ்சாமல் எழுத்தால் கேளுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் தெரு ரோட்டிற்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், யார் காண்டிராக்டு, எப்போது முடிந்ததாய்ப் பில் போட்டார்கள் என்று கேளுங்கள். அர்ச்சனைச் சீட்டுக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுத்துப் பாருங்கள். எது பதில் சொல்லுகின்றது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, கிராமத்தில் உள்ளவர்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களின் கிராமசபைக்குத் தவறாமல் போங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்; தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பெண்களையும் சேரி மக்களையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். நகரத்தார் தங்கள் வார்டுக் கமிட்டியும் ஏரியா சபையும் கூடுகின்றதா என்று கவுன்சிலரைக் கேளுங்கள். அவற்றிற்கும் 2022இல் விதிகள் வந்துவிட்டன.

மூன்றாவது, வோட்டுக்குப் பணம் நீட்டினால், 27 காசுக் கணக்கை அவன் முகத்திற்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்புங்கள். நான்காவது, ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் ஒரு நாள் தாமதமானாலும் ஊர் கூடிக் கேளுங்கள். ஐந்தாவது, எந்த வீட்டிலும் எந்தத் தொட்டியிலும் மனிதனை இறக்காதீர்கள். பக்கத்து வீட்டில் இறக்கினாலும் தடுங்கள்.

கடைசியாக, தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கிறபோது உங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஊரின் கடைசிக் குழாயைத் திறந்து பாருங்கள். அதில் தண்ணீர் வந்தால்தான் அந்த ஊரில் முனிசிபாலிடி இருக்கின்றது, மனிதர்கள் இருக்கின்றார்கள் என்று அர்த்தம். வராத வரையில், ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, குவித்த கையைப் பிரித்து விரலை நீட்டி, "என் பணம் எங்கே? எங்கள் தண்ணீர் எங்கே?" என்று கேளுங்கள். கேட்கிறவன் ஒருவனாயிருந்தால் கலகக்காரன் என்பார்கள். தெருவே கேட்டால் குழாயைத் திறந்துவிடுவார்கள்.